நாளைக்கு வரைக்கும் தும்முவேன்

சிம்மக்கல்லில் ஏறியதிலிருந்து எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தும்மிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த கணவர் மாத்திரையை நீட்டினார். அவள் தள்ளிவிட்டாள்.

"நாளைக்கு வரைக்கும் தும்முவேன். யாரு கேக்குறது?"

"பஸ்ஸே பாக்குது புள்ள. ஒண்ணே ஒண்ணு போடு."

"போட்டா, கையில குத்திப் பாக்குற அலர்ஜி டெஸ்ட்டுல ஒண்ணும் தெரியாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கு. இம்புட்டு நாளா மூக்கு டாக்டர் நெஞ்சு டாக்டர்ட்ட அனுப்புனாரு, அவரு திருப்பி இவர்ட்டயே அனுப்புனாரு. நாளைக்குத்தான் ரெண்டு பேரும் அந்தம்மாவோட ஒரே ரூம்புல உக்காந்து, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு என்னைய வச்சுப் பாடம் நடத்தப் போறாக."

"பாடம் என்னத்துக்கு? மிளகாய்க் கடை வேலைய விடு, சரியாப் போகும்."

"விட மாட்டேன். கடையில இம்புட்டு இழுப்பு இல்ல. வீட்டு மாடிக்குப் போனாத்தான் மூச்சே அடைக்குது. மிளகாயா, நீங்க வளக்குற புறாவான்னு நாளைக்கு என் கை சொல்லும்."

அவர் பழங்காநத்தம் தாண்டியதும் மறுபடியும் மாத்திரையை நீட்டினார்.

"பாதியாச்சும் போடு, தாயி."

அவள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து தும்மினாள்.