இரண்டு கிண்ணங்கள்

எனக்கு உப்புமா நன்றாக வரும், சார். ரவையைத் தூவும்போது கிளறுகிற கை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் என் வேலையும் ஏறக்குறைய அதுதான். கண்ணுக்குத் தெரியாத நானோ கார்பன் குழாய்களை எபாக்ஸி பிசினில் துளியளவு கலப்பேன். ஒலி அதிர்வு கொடுத்துப் பொறுமையாகப் பிரித்துவிட்டால், அதில் தோய்ந்த கார்பன் இழை எளிதில் விரிசல் விடாது. அவசரமாக அள்ளிப் போட்டால் கட்டி தட்டும். ஒவ்வொரு கட்டியும் விரிசலுக்கு ஒரு வாசல். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு.

கௌஷிக் என் அத்தை பிள்ளை. தில்லியில் அதே ஆய்வுக்கூடத்தில்தான் அவனுக்கும் வேலை. எங்கள் கல்யாணம் சிறு வயதிலேயே பேசி வைத்தது. 2003இல் அத்தை தாம்பூலம் மாற்ற நாள் பார்த்தபோது, கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து சொன்னான்.

"சொந்தத்துல பண்ணிண்டா குழந்தைக்கு ஆகாதுடி ரோஹிணி. நீயே சயின்ஸ் படிச்சவ. நான் சொல்லணுமா?"

"அச்சா" என்றேன். நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த தையில் மாலாவைக் கட்டிக்கொண்டான். மாலா என் சித்தப்பா பெண். நான் அவனுக்கு எவ்வளவு சொந்தமோ, அவளும் அவ்வளவே. கல்யாணத்தில் அவளுக்கு நான்தான் தலை பின்னினேன்.

அவனுக்கு சைக்கிள் பைத்தியம். மறு வருஷம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையை கார்பன் இழையில் தானே செய்ய ஆசைப்பட்டான்.

"பிசினை நீ கலந்துடு. உன் கைக்குத்தான் கட்டி தட்டாது. ஜல்தி பண்ணு, மாலா பொறந்த நாளுக்கு ஓட்டிக் காட்டணும்."

இழையில் பிசினைத் தடவும்போது நிமிர்ந்து பார்த்தான்.

"என்னடி, கெட்டியா இருக்கே?"

"தில்லி ஜனவரிடா. நமக்கே வெறைக்கறது."

சிரித்துக்கொண்டே தடவினான்.

எங்களிடம் ஒரு வழக்கம். எதைச் செய்தாலும் அதே கலவையில் ஒரு சோதனைத் துண்டும் செய்து, இயந்திரத்தில் வளைத்துப் பார்ப்போம். துண்டு தாங்கினால் பொருளும் தாங்கும். துண்டு அருமையாகத் தாங்கியது. செல்லமாக என் தலையில் தட்டிவிட்டுப் போனான்.

ரிட்ஜ் சாலைச் சரிவில் வேகமாக இறங்கும்போது கவை முறிந்தது. கழுத்துக்குக் கீழே அவனுக்கு இப்போது எதுவும் அசையாது.

கலந்ததில் அஜாக்கிரதை என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளட்டுமா என்கிறீர்கள். வேண்டாம், சார். என் வேலையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று இரண்டு கிண்ணங்களில் கலந்தேன். சோதனைத் துண்டுக்கு ஒன்று, கவைக்கு ஒன்று. கவைக்கானதில் அள்ளிப் போட்டு, ஒரு குச்சியால் சும்மா சுற்றிவிட்டேன்.

மாலா சில மாதங்களில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான்தான் அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன், முகம் துடைக்கிறேன். "தெய்வம்டி நீ" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் மட்டும் என்னைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான்.

கூச்சம், சார். கட்டிக்கப் போகிறவள் முன்னால் ஆண்களுக்கு அப்படித்தான் இருக்கும்.