அடிபட்டவனுக்கான விதி

காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து பனிமூட்டம் எப்படி என்று பார்ப்பேன். பிறகு வெந்நீர், காபி. குளித்துவிட்டு எஸ்டேட்டுக்குப் போவேன். நாகலூரில் நான் ரைட்டர், ஆள் கணக்கு எழுதுகிறவன். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யாருக்கு எந்தப் பக்கம் வேலை என்று பிரித்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுவேன். இப்போது தோசையை நானே சுட்டுக்கொள்கிறேன். மற்றபடி எதுவும் மாறவில்லை.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரிப்பது வழக்கம். நீங்கள் அன்று மரியாதையாகத்தான் கேட்டீர்கள். சண்டை உண்டா, நகை கேட்டதுண்டா, குடிப்பழக்கம் உண்டா. மூன்றுக்கும் இல்லை என்றேன். அது உண்மை. என் மாமனார் அங்கப்பனும் மாப்பிள்ளை தங்கமானவர் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. முன்னறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேஜை. அதன்மேல் விரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள். ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள், எதிர்ப்பக்கம் பாளையக்காரரின் ஆட்கள். கையில் அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டால் மருந்து கெட்டித்துத்தான் மறுபடி சுட முடியும். காபிச் செடிக் குச்சிகளை நட்டுக் காடு செய்திருந்தேன். நாடா வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை போட்டுச் சுட வேண்டும். சுட்டவனின் துப்பாக்கி முனையில் துளி பஞ்சு வைப்போம். அது புகை. பஞ்சு இருக்கும்வரை, அதாவது ஒரு சுற்று, அவன் காத்திருக்க வேண்டும்.

சேலத்தில் என்னோடு வரலாறு படித்த கிறிஸ்டோ பழக்கிவிட்ட ஆட்டம் இது. அவன் வராத நாட்களில் இரண்டு பக்கத்தையும் நானே ஆடுவேன். பஞ்சைச் சுருட்டித் தருவது என் மனைவி சிவசக்தி. "நீங்களே சுடறீங்க, அப்பறம் நீங்களே ஐயோ பாவம்ங்கறீங்க" என்று சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கிறிஸ்டோ வருவதாக இருந்தது. அதற்குள் எந்த விதிகளை வைத்து ஆடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். என்னிடம் இரண்டு வகை இருந்தன. முதல் வகையில் குண்டு பட்டவனை உடனே மேஜையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆட்டம் வேகமாகப் போகும். இரண்டாவதில் அவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான். கூட்டாளி ஒருவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, சுடும் வாய்ப்பை விட்டுவிட்டு, அவனைத் தூக்கி மேஜை ஓரம் சேர்த்தால் பிழைப்பான். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அதில் மனிதத்தன்மை இருப்பதாகக் கிறிஸ்டோவுக்குப் போனில் சொன்னேன். காலையிலிருந்து அதைத்தான் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சக்தி கொல்லையில் மிளகுக் கொடிப் பக்கம் போயிருந்தாள். உள்ளே வந்து, "ஏனுங்க, கதண்டு கொட்டிருச்சுங்க, கழுத்துல" என்றாள். உட்காரச் சொன்னேன். இந்தச் சுற்று முடிந்ததும் வருவதாகச் சொன்னேன். எழுந்துவிட்டால் யார் சுட்டார்கள், யார் நகர்ந்தார்கள் என்பது குழம்பிவிடும். தனியாக ஆடுகிறவர்களுக்கு இது தெரியும்.

போன வருடமும் அவளைக் கதண்டு, அந்தப் பெரிய காட்டுக் குளவி, கொட்டியது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு சரியானது. டாக்டர் என்னை வெளியே அழைத்து, இன்னொரு தடவை கொட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, அடுத்தது இதைவிட வேகமாக இருக்கும் என்றார். அதை நான் சக்தியிடம் சொல்லவில்லை. பயப்படுவாள் என்று நினைத்தேன்.

அப்படித்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் டவுனில் ஒண்டிக்கடைப் பக்கம் வீடு பார்க்கச் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரி கிட்டே. அங்கே எங்களுக்குக் கட்டுப்படியாகிறதெல்லாம் ஒற்றை அறை. மேஜை போட இடம் இருக்காது.

ஓடைக்கரையில் என் சிப்பாய் ஒருவன் விழுந்து கிடந்தான். கூட்டாளி வந்து அவனைத் தூக்கிவிட்டான். ஓரம் சேர இன்னும் இரண்டு சுற்று. சக்தி தொண்டையை அடைக்கிற மாதிரி இருப்பதாகச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தேன். உதடு வீங்கியிருந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு பாலகுமார் ஜீப்பைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. போன தடவை வெகுநேரம் தாங்கினாளே என்று கணக்குப் போட்டேன். பகடையை எடுத்தேன்.

அவள் நாற்காலியிலிருந்து சரிந்த பிறகுதான் பாலகுமாரைக் கூப்பிட்டேன். நன்றாகவே ஓட்டினான். வளைவில் எதிரே பஸ் வந்தது, ஒதுங்கி வழிவிட்டான். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அவள் மூக்கில் பஞ்சு வைத்தார்கள். பஞ்சு இருந்தால் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். யாரோ என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

கொல்லையிலிருந்து வந்தவள் வாசற்படியிலேயே விழுந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் அதைத்தான் சொன்னேன். பாலகுமார் இப்போதும் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுகிறான். "அந்த பஸ்ஸுக்கு ஒதுங்காமப் போயிருந்தா அக்கா பொழைச்சிருக்குங்க ரைட்டரு" என்று அழுகிறான். அவன் தோளில் கை வைத்து, உன்மேல் தப்பில்லை என்கிறேன். மன்னிக்கிறவனைப் போலச் சொல்கிறேன். பஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று சொல்வதில்லை.

காரியத்துக்கு வந்த கிறிஸ்டோ கிளம்பும்போது, மேஜையைச் சேலத்துக்கு எடுத்துப்போய்விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எந்த விதி என்று முடிவுசெய்துவிட்டதாகவும் சொன்னேன். முதல் வகைதான். குண்டு பட்டவனை உடனே எடுத்துவிடுவது. இரண்டாவதில் ஒருவனைத் தூக்க இன்னொருவன் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும். அப்படி யாரும் வைப்பதில்லை, அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றேன். அவன் என்னையே பார்த்தான். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பான்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமனார் கேட்டார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவருகிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் தெளிகிறது. இதைப் படித்த பிறகு அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் முடியாது.

அந்தச் சிப்பாய் பிழைத்துவிட்டான். மேஜை ஓரத்தில் இப்போதும் நிற்கிறான். அவன் அங்கே போய்ச் சேருகிறவரை சக்தி நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு தடித்திருந்தது. ஆனாலும் தெளிவாகத்தான் கேட்டது.

"அவனுக்கு ஆளு வந்துருச்சுங்களே. என்னையும் கூட்டிட்டுப் போங்க."