நூற்றைம்பது கிராம்

மைதாவைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கும் பொருள் உலகத்தில் வேறு இல்லை. சலித்து, கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டால் கப்பில் பூவாக உட்காரும். கட்டைவிரலால் அமுக்கினால் முணுமுணுக்காமல் அமுங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சத்துக்கு இடம்விடும். கப் அதே கப்தான். எடைதான் வேறு.

நீ என் மகளோடு அந்தக் கேக் கடையில் கூட்டாளியாக நின்றவள். அவ்வளவு நன்றாகச் செய்துகொண்டிருந்தவளின் கை எப்படிக் கெட்டது என்று கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். கெடவில்லை. அவள் பால் வாங்கத்தான் போயிருக்கிறாள், வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நீ கேக்கைச் சாப்பிடு.

என் கேக்குகள் எல்லாமே ஒரு கப்பின் கணக்கு. காது போன பழைய பீங்கான் கப். கடைகளில் விற்கும் அளவுக் கப்புகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீட்டில் இருந்தவரை அவளும் அதில்தான் அளந்தாள். கடை திறக்கப் போகும்போது ஃபோன் செய்தாள்.

“அம்மா, உன் கப்புல மைதா எத்தனை கிராம் பிடிக்குதுன்னு தராசுல வச்சுச் சொல்லேன். இங்க கப்பு கப்பா மொண்டுக்கிட்டிருந்தா கிணறு இறைக்கிற மாதிரி ஆயிடும்.”

“இருடி, பறக்காத.”

சலித்துப் போட்டு நிறுத்தேன். நூற்றுப் பத்து. தராசு மேசைக்கு எதிரே அவள் அறை. அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் திறந்து மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு கதவுதான். அது மூடியே கிடந்தது. கட்டைவிரலால் அமுக்கி, மேலே போட்டு, மறுபடி அமுக்கினேன். நூற்றைம்பது. தராசு காட்டியதைத்தான் அவளுக்குச் சொன்னேன். எனக்குப் பொய் வராது.

மூன்று கப் போடும் கேக்கில் நாலாவது கப் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டது.

“ஒருத்தர் கேக்கை வாங்கி, கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்னு சொல்லிட்டுப் போறாரும்மா.”

சிரித்துவிட்டேன். அப்போது அவளும் சிரித்தாள். ஓவன் சரியில்லையோ என்றேன், ஓவனை மாற்றினாள். வெண்ணெய் என்றேன், அதையும் மாற்றினாள். மாவு கெட்டியாக இருக்கிறதே என்றாள். மைதாவை வேறு இடத்தில் வாங்கிப் பார் என்றேன். எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அவளிடம் மாற்றாதது அவள் கை ஒன்றுதான். அதை நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள். கெட்டிக்காரப் பெண்.

“உன் கப்பையே வந்து எடுத்துட்டுப் போறேம்மா. கடைசியா ஒரு தடவை பாத்துடறேன்.”

அவள் வருவதற்குள் கப் கை நழுவி உடைந்துவிட்டது. நல்ல பீங்கான். முதல் இரண்டு தடவை நழுவியும் உடையவில்லை.

துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். “எனக்குக் கை வரலம்மா. உனக்குத்தான் வருது.”

“அதுக்கென்னடி, இங்கயே இரு. நான் செஞ்சு போடறேன், நீ சாப்பிடு.”

கடையை மூடினீர்கள். உனக்கும் வருத்தம்தான், எனக்குத் தெரியும். இன்னொரு துண்டு எடுத்துக்கொள். கப் இல்லாமல் எப்படி என்று பார்க்கிறாயா? நூற்றுப் பத்து கிராம், நிறுத்துப் போட்டது. தராசு நல்ல பொருள்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் பார், வீடு எப்படிக் கலகலவென்று இருக்கிறது. இரண்டு பேருக்குச் சமைக்கிறேன். அவள் அறைக் கதவு திறந்தே கிடக்கிறது. முன்னெல்லாம் என்னை எதிர்த்து எதிர்த்துப் பேசுவாள், இப்போது எவ்வளவு பொறுமை. அதோ, வந்துவிட்டாள்.

“அம்மா, டீக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?”

“ரெண்டு போடும்மா.”

“தட்டையாவா, குவிச்சா?”

தினமும் கேட்பாள். எனக்கு அலுக்கவே அலுக்காது. இங்கே அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். டீ கொண்டுவருவாள், நீயே கேட்டுப் பார். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆமாம் என்பாள்.