பதினொரு குப்பிகளுக்குக் காவலிருந்தவருக்கு

தெளிந்த நீரையும் தீர விசாரித்தே நம்பிய தகைமையரே! நாவறண்ட நாற்பது சிற்றூர்களுக்கு நாள் தவறாமல் நல்ல நீர் நல்கிய நங்கையே! குழாயடியில் குடத்துடன் காத்திருக்கும் குடும்பங்களின் குலம் காத்த குணக்குன்றே! எங்கள் குடிநீர், சுகாதார அலுவலகத்தில் தண்ணீர்ப் பரிசோதகராக முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் அன்பு அக்கா அவர்களே! வணக்கம்.

இத்தகைய மடல்களில் ஒரு கண்ணில் மகிழ்ச்சி, மறு கண்ணில் வருத்தம் என்று எழுதுவார்கள். எங்கள் இரண்டு கண்களிலும் இருப்பது பயம். விழா மேடையில் அந்தச் சொல் வேண்டாமே என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார். நாங்களும் அரைநாள் தேடினோம், வேறு சொல் அகப்படவில்லை.

தங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. தங்கள் காதில் விழும்படியேதான் அழைத்தோம், தாங்களும் கோபித்துக்கொண்டதில்லை. புதிய கழிவறைக்குக் குழி தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அந்த ஊருக்குப் போய், ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குழிவரை நாடாப் பிடித்து அளப்பீர்கள். அளந்த பிறகும் மனம் ஆறாமல் காலடி வைத்து இன்னொரு முறை அளப்பீர்கள். எங்கள் வீட்டு விருந்துகளில் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது எந்தத் தொட்டித் தண்ணீர் என்று மட்டும் கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் அதற்காக முகம் சுளித்ததுண்டு என்பதை இன்றாவது ஒப்புக்கொள்கிறோம்.

ஒப்புக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. பதினொரு மேல்நிலைத் தொட்டிகளிலிருந்தும் தண்ணீர் எடுத்து, மருந்து போட்ட சிறு குப்பிகளில் ஊற்றி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுத்துப்போகும். தாங்கள் அக்குப்பிகளை மோட்டார் அறையில், சூடேறும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலுள்ள பலகையில் வைப்பீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் அடைமழைக் காலத்தில், கணவரின் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் தாங்கள் ஒன்பது நாள் விடுப்பில் சென்றீர்கள். மோட்டார் அறை அழகாக இருக்கட்டுமே என்று நாங்கள் பலகையை ஒழித்து, குப்பிகளை அலுவலக மூலையில், ஈரம் ஊறிய சிமெண்டுத் தரையில் வரிசையாக அடுக்கினோம். ஒரு குப்பிகூடக் கறுக்கவில்லை. பதினொன்றுக்கும் 'நன்று' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

திரும்பி வந்த தாங்கள் தோள்பையைக்கூட இறக்கவில்லை. ஒரு குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்கள்.

"சில்லுன்னு இருக்கே. குளிருல கிருமி தூங்கிட்டு இருக்கு. அது செத்துப்போச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்க."

குப்பிகளைத் துண்டில் சுற்றிப் பழைய இடத்திலேயே வைத்தீர்கள். மறுநாள் காலை கிழக்குத் தொட்டியின் குப்பி கறுத்திருந்தது. சாக்கடையை ஒட்டி அந்தத் தொட்டிக்குச் சென்ற குழாயின் இணைப்பு விட்டிருந்ததைப் பிறகுதான் கண்டோம். ஆனால் அதற்குள் அந்தத் தண்ணீரைக் குடித்த ஊரில் பலர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் ஃபிட்டரின் மகள். அந்தத் தொட்டியின் வால்வைத் தினமும் திறந்துவிட்டவர் அவள் அப்பாதான்.

தாங்கள் தொட்டியை மூடினீர்கள். நான்கு நாள் ஊரே திரண்டு வந்து திட்டியது, அசையாமல் நின்றீர்கள். ஆறு நாள் அந்தக் குழந்தைக்குச் சலைன் ஏறியது. மருத்துவமனை வராந்தாவில் ஃபிட்டர் தங்களிடம், "நான்தானேக்கா தெறந்துவிட்டேன்," என்று சொல்லி அழுதார். தேறுதல் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தோம். தாங்கள் சொன்னது வேறு.

"நானும் தினம் பயந்துகிட்டுதான் இருக்கேன். பயம் போயிடுச்சுன்னா சொல்லு, உனக்கு வேற வேலை பாத்துக்கலாம்."

அக்குழந்தை பிழைத்தாள். இன்று முன்வரிசையில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பாள்.

அன்றிலிருந்து குப்பிகள் பலகையை விட்டு இறங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் குப்பியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம், அக்கா. தங்கள் முகத்தைத்தான் பார்த்தோம். தாங்கள் தலையசைத்தால் திறந்தோம், புருவம் நெரித்தால் மூடினோம். நாளை முதல் அந்த முகம் இங்கிருக்காது. தங்கள் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. திறக்கலாமா கூடாதா என்று இனி நாங்களேதான் சொல்ல வேண்டும்.

நீங்கா நலமும் நிறைந்த ஆயுளும் பெற்று, கண் தெளிந்த கணவரோடும் சுற்றம் சூழவும் பல்லாண்டு வாழ்க! ஒரு டம்ளர் தண்ணீரையாவது சந்தேகப்படாமல் குடிக்கும் நாள் தங்களுக்கு வாய்க்கட்டும். வாய்க்காது என்று எங்களுக்குத் தெரியும், இருந்தாலும் வாழ்த்துகிறோம்.

என்றும் தங்கள் அன்பில் நனையும்,
அலுவலகப் பணியாளர்கள்

(அச்சான மடலின் அடியில் இன்று காலை கையால் எழுதிச் சேர்த்தது)

அக்கா, இதைப் படிக்கும்போது நீங்கள் ஃபிட்டரின் காலி நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நேற்று நீங்கள் கடைசியாக எடுத்துவைத்த குப்பிகளில், கிழக்குத் தொட்டியின் குப்பி இன்று காலை அடியில் லேசாகக் கறுத்திருந்தது. வெளிச்சக் குறையாக இருக்கும், விழா முடியட்டும் என்றார் ஒருவர். உங்களிடம் கேட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். ஃபிட்டர் வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"கேட்டா மூடுன்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

அவர் இப்போது தொட்டியடியில் இருக்கிறார். ஊருக்குள் ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது. தண்ணீர் லாரியும் புறப்பட்டுவிட்டது. ஊரார் இங்கே திட்ட வந்தால் நாங்கள் வாசலில் நிற்போம்.

நீங்கள் எழுந்து போக வேண்டாம், அக்கா. நாங்கள் பயந்துகொண்டுதான் இருக்கிறோம்.