உசுரோட இருக்கிற நாத்துனாவுக்கு ஒப்பாரி

அழிக்க முடியாதாம்ல! நான் பாடுன ஒப்பாரிய நானே அழிக்கச் சொல்றேன், முடியாதாம். யுனிவர்சிட்டிக்காரவுக கம்ப்யூட்டர்ல கண்காட்சியா வச்சுட்டாகளாம். ஒலகமே கேக்குதாம். ஒலகத்துக்கு வேற சோலி இல்லையாக்கும்...

செத்த தள்ளி ஒக்காரு ஏத்தா, பஸ்சு சன்னல்ல வெயிலு அடிக்குது. ம்... எங்கன விட்டேன்?

எழுவத்தாறுல, நான் உத்தரகோசமங்கைக்கு வாக்கப்பட்டு வந்த புதுசு. இந்த யுனிவர்சிட்டிக்காரவுக பெரிய டேப்பு மெசினத் தூக்கிக்கிட்டு வந்து, "ஒரு ஒப்பாரி பாடும்மா"ன்னாக. செத்தவுக பேரு இல்லாம ஒப்பாரி எப்படித்தா வரும்? எங்க ஆத்தா பேரச் சொல்ல வாய் வரல. வீட்டுக்காரரச் சொன்னா எந் தாலி என்னாகுறது? மாமியா... எதுத்தாப்புலயே ஒக்காந்திருக்கு! அதான் நாத்துனா பேரப் போட்டேன். சேதுலட்சுமி... இழுத்துப் பாடத் தோதான பேரு. கண்ணீரா? அட போத்தா, எனக்குக் கொரலு அப்பிடி ஒரு உற்சாகமா வந்துச்சு!

அத இப்பக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாக. திருவாடானையில கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற பால்சாமி கேட்டுருக்கான். கேட்டவன் சும்மா இருந்தானா? மாலையும் கையுமா, அதே ஊருல இருக்கிற சேதுலட்சுமி வீட்டுக்கே ஓடிட்டான். கதவத் தொறந்தது யாரு? அவளேதான்! "யாருக்குடா மாலை?"ன்னிருக்கா. "ஒங்களுக்குத்தான் சின்னம்மா"ன்னுட்டான், கூமுட்டப் பய.

பேரனுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன்னு போயிக் கூப்பிட்டா, "செத்தவ எப்படி மதினி விசேசத்துக்கு வருவா?"ங்கிறா. பெறந்த வீட்டு விசேசத்துக்கு அவ வரலைன்னா ஊரு என்ன பேசும்? கால்ல விழாத கொறையாக் கெஞ்சுனேன். "சரி, வாரேன். அதுக்கு முன்ன ஒனக்கு நான் ஒரு ஒப்பாரி பாடணும். அதையும் அதே கம்ப்யூட்டர்ல ஏத்தணும்"னுட்டா! யுனிவர்சிட்டிக்காரவுகளுக்கு ஒரே சந்தோசம். இன்னைக்கு மெசினோட அவ வீட்டுக்கு வாராக.

நானாச்சும் பொய்யா, பொன்னே முத்தேன்னு பாடுனேன். அவ என்னத்தப் பாடப் போறாளோ! கொழம்புல உப்பு கூடிப்போன கதைய எடுத்தான்னா... அதுவும் அழியாதே!

ஒண்ணே ஒண்ணுதான் வழி. கூட நாலு பேரு சத்தமா அழுதா, அவ பாடுறது மெசின்ல வெளங்காது. எனக்கு நானே அழுதா நல்லாவா இருக்கும்? நீ வாயேந்தா. கருவாட்டுக் கொழம்பு வச்சிருப்பா, சாப்பிட்டுட்டுப் போகலாம்.

ஏ... ஏத்தா! திருவாடானைக்கு டிக்கெட்டு எடுத்துட்டு ஆர்.எஸ்.மங்கலத்துல எறங்குற? ஏத்தா...!

போயிட்டா.

ஏக்கா, பின் சீட்டுல... ஆமா, ஒங்களத்தான். நீங்க நல்லாச் சத்தமா அழுவீகளா?