பேச்சுச் சத்தம்

— கையை எடு, சொக்கலிங்கம். இன்னும் திருகினா ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்.

— கிழியட்டும்டா தேவநேசா! என் டோலக் எருமை மாதிரி முட்டிக்கிட்டு வரணும். நீ வச்சிருக்கிற சத்தத்துல கொசுதான் பாடுது.

— நாம குரலை உசத்தாமப் பேசிக்கிற அளவுப்பா இது. உன் பொண்டாட்டி பாட்டு ஒரு டேப், உன் டோலக் ஒரு டேப். ரெண்டையும் கலக்கிறப்ப இதுதான் சரியான சத்தம். உரக்க வச்சா எல்லாமே நல்லாருக்கிற மாதிரி காது ஏமாந்துபோகும். கொஞ்ச நேரத்துல உள்ளுக்குள்ள விசில் அடிக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் கூட்டினாலும் தெரியாது, குறைச்சாலும் தெரியாது.

— நாலு பேரு சயான்னு கூப்பிட்டா நீ வாத்தியார் ஆயிருவியா? என் காது நல்லாத்தான் இருக்கு.

— எங்க நல்லாருக்கு? உன் வீட்டுக்கு மேல்மாடியில குடியிருக்கேன், எனக்குத் தெரியாதா? பொழுது சாஞ்சா உன் வீட்டு ரேடியோ அலறுது. நீ காதுல வச்சுக்கணும்னு இவ கையில பஞ்சுகூடக் குடுத்துவிட்டேனே. குடுத்தியா மக்தலேனா?

— குடுத்தேன், சயா.

— இப்பக் குறைக்கிறேன், கேளு. டோலக் இருக்கு. பாட்டு எங்க? கோயில்ல நீ பாடினா கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குமேம்மா. இதுல ஒவ்வொரு வரியும் பாதியிலயே அறுந்துபோகுது.

— சளி, சயா.

— சளி இப்படி அறுக்காது. க்யிம்யிண்டைங் படகுத்துறையில மூட்டை விழுந்து என் தம்பிக்கு விலா முறிஞ்சப்ப இப்படித்தான் பேசினான். பாதி மூச்சுல நிறுத்திருவான்.

— வேலையப் பாருடா!

— ஆண்டவரே... சொக்கலிங்கம், அந்த ரேடியோ தினமும் எதை மூடி மறைக்க அலறுது? மேல உக்காந்துக்கிட்டு நான் பஞ்சு குடுத்தனுப்பினேனே!

— நாயே! என் பொண்டாட்டியப் பத்தி நீ என்னடா பேசுறது? இந்தா!

— ஐயோ, ரத்தம்! அந்த மைக் ஸ்டாண்டைக் கீழ போடுங்க! சயாவோட மண்டைய உடைச்சிட்டீங்களே!

— இரு, முதல்ல இந்த ஸ்பீக்கர் குமிழை முழுசாத் திருப்பிக்கிறேன். ஹா! இப்பக் கத்துங்க ரெண்டு பேரும்! பபேடான் தெரு பூராவும் டோலக்தான் கேக்கும்!

— மக்தலேனா... என்னைப் பாக்காத. நீ ஓடிரும்மா.

— ஓடினா காலை ஒடிச்சிருவேன்!

— ஓடலைங்க. மூச்சு முட்டுது. இந்த ஸ்பீக்கர் மேசையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— நில்லு! நேத்து ஒரு விலாதான் போச்சு, இன்னைக்கு மிச்சத்தையும் பாத்துர்றேன்! என் கடையச் சர்க்கார் எடுத்துக்கிச்சு. சர்க்காரை நான் அடிக்க முடியுமா? உன்னைத்தான் அடிப்பேன்! தினமும் அடிப்பேன்! ரேடியோவ அலற வச்சுக்கிட்டு அடிப்பேன்! எவன் கேக்கிறான்னு பாக்கிறேன்!

— அவளைத் தொடாத. நான் இன்னும் விழலை. என்னை அடி.

— உன்னையும்தான்டா! இந்தா! வாங்கிக்க!

— சொக்கலிங்கம்! கதவைத் திற! கீழ டீக்கடை மதீனா பீவி வந்திருக்கேன்!

— ஒண்ணுமில்லக்கா! பாட்டுக் கலக்கிறோம்! அதான் கொஞ்சம் சத்தமா இருக்கு!

— எந்தப் பாட்டு? பாட்டு ஒண்ணும் கேக்கலையே தம்பி! நீ பேசினது ஒண்ணு விடாமத் தெருவே நின்னு கேட்டுச்சு. என் கடைப் பயலுக எல்லாரும் மாடிப்படியில நிக்கிறாங்க!

— கேக்கலையா? நான் முழுசாத் திருப்பினேனே!

— நான்தாங்க மேசையப் பிடிச்சுக்கிட்டே குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சேன். உங்க காதுல விசில் அடிக்குது, உங்களுக்குத் தெரியல. சயா, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிங்க. மதீனாக்கா, தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருக்கு. இதோ திறக்கிறேன்.