கடைசி ஜீப்புக்காக வெட்டிய துண்டு

பண்ணைக்காட்டு மூடுபனிக்குச் சினிமா பிடிக்கும். ஒருநாள் கொட்டகையில் என் ஆபரேட்டர் அறைக்குள் புகுந்துகொண்டது; திரையில் கொளுத்தும் வெயிலில் நின்ற கதாநாயகன் இருமியதை ஊரே பார்த்தது. நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

இத்தனை வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஏழில், நீங்கள் திரைப்படக் காப்பகத்திலிருந்து வந்து, இந்தப் படத்துக்கு மிஞ்சியிருப்பது எங்கள் கொட்டகைப் பிரதி ஒன்றுதான் என்கிறீர்கள். தோட்டப் பெண்கள் கூட்டமாய்ப் பாடும் இடத்தைக் காணோமே, யார் வெட்டியது என்கிறீர்கள். நான்தான் ஐயா.

தாண்டிக்குடிக்குப் போகும் கடைசி ஜீப் படம் முடியும்வரை நிற்காது. ஹாரன் கேட்டால் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். அதனால் ஜீப் நேரத்துக்குப் படத்தை வெட்டி ஓட்டுவோம். படப்பெட்டி திரும்பிப் போகும்போது துண்டுகளை ஒட்டி அனுப்புவோம். இந்தப் படத்தின் தயாரிப்பாளர் நொடித்துப்போனார், பெட்டி எங்களிடமே தங்கிவிட்டது. ஒட்டவில்லை.

இயக்குநரைக் கேட்காமல் படத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றம் என்றார் உங்கள் வக்கீல். சரி. சட்டம் கேட்காததையும் சொல்கிறேன்.

பாடும் அந்தப் பெண்கள் கூட்டத்தில் காளியாயியின் மகள் நின்றாள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கொடைக்கானலில் படம் எடுத்தபோது கூலிக்கு நின்றவள், அடுத்த மழையில் காய்ச்சலில் போனாள். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. இந்தப் படம் ஓடும்போதெல்லாம் காளியாயி வந்துவிடுவாள்.

வெட்டியபின் படத்தை மறுபடி ஓட்டியபோது என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எம் புள்ள வாற எடம் வரலியேங்கய்யா."

துண்டை ஒட்டியிருக்கலாம். அது எங்கே கிடக்கிறது என்று சொல்ல வாய் கூசியது.

"அப்பிடி ஒரு எடமே இந்தப் படத்துல கெடையாது, காளியாயி. வேற எதையோ பாத்துட்டுப் பேசுற."

ஊரிலும் அப்படியே சொல்லிவைத்தேன். கூட்டத்தில் ஒரு முகம், யாருக்கு நினைவிருக்கும்? டிக்கெட் கிழிக்கும் வேலுமணி, "என்னக்கா, இன்னைக்காச்சும் ஒம் மக வந்து ஆடுவாளா?" என்பான். சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

துண்டு என் பீன்ஸ் தோட்டத்தில், கிளி விரட்டக் கயிற்றில் கட்டியிருந்தது. அங்கே களையெடுக்கக் கூலிக்கு வந்தவள் காளியாயி. ஒரு மத்தியானம், சரியாக அதன் கீழே, களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் தப்பா பாத்திருக்கேன் போல. ஒங்கள அலைக்கழிச்சிட்டேன், மன்னிச்சிருங்கய்யா."

அவள் தலைக்கு மேல் அது காற்றில் படபடத்தது. நிறம் அப்போதும் முழுசாகப் போயிருக்கவில்லை.

பரவாயில்லை என்று சொல்லி, பெரிய மனது பண்ணி, அவளை மன்னித்தேன்.